படிக்கிற பிள்ளைக்குப் புரிகிறதா?

இந்த மூன்று வரிகளைப் படியுங்கள்.

'தொப்பன் காட்டில் ஒரு மிலுவை இருந்தது. அது நாள்தோறும் நெசலி தின்று கொழுத்தது. ஒருநாள் சடுவன் வந்து அதைத் திமுளிக்கொண்டு போனான்.'

இப்போது மூன்று கேள்விகள். மிலுவை எங்கே இருந்தது? அது எதைத் தின்றது? அதைத் திமுளிக்கொண்டு போனவன் யார்?

மூன்றுக்கும் சரியான விடை எழுதிவிடுவீர்கள். ஆனால் மிலுவை என்றோர் உயிர் உலகில் இல்லை. நெசலி, திமுளி, சடுவன் எல்லாமே இந்தக் கட்டுரைக்காகப் புனைந்த சொற்கள். பொருள் துளியும் தெரியாமலே விடை வந்துவிட்டது. 'காட்டில்' என்று இருந்தால் 'எங்கே' என்பதற்கு அதுதான் விடை என்பது தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

நம் தொடக்கப் பள்ளிகளில் பாடத்தின் கடைசியில் வரும் கேள்விகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. விடை எந்த வரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று ஆசிரியர் சொல்வார். பிள்ளைகள் புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள், தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். மதிப்பெண்ணும் வரும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பக்கம் பக்கமாக வரும்போதுதான், அந்தப் பிள்ளைக்குப் படித்தது எதுவும் மனதில் ஏறவில்லை என்பது வெளியே தெரியும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொலோரஸ் டர்கின், நான்காம் வகுப்பறைகளில் உட்கார்ந்து ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து, 1978-79இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாசிப்புப் பாடவேளைகளில், புரிந்துகொள்வது எப்படி என்று கற்பிக்கச் செலவான நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கேள்வி கேட்டுச் சோதிப்பதிலும் பயிற்சித்தாளை நிரப்ப வைப்பதிலும்தான் மிகுதியான நேரம் போயிருந்தது.

கேள்வி கேட்பது பிள்ளைக்குப் புரிந்ததா என்று சோதிக்கும். புரியவில்லை என்றால் என்ன செய்வது என்று அது சொல்லித்தராது. அதை நாம் பக்கத்தில் இருந்து செய்துகாட்ட வேண்டும். எப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறை எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிய கணக்கு ஒன்றைச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றத் தெரிவது ஒன்று, மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளத் தெரிவது இன்னொன்று. இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இதைக் கூட்டலாக வைக்காமல் பெருக்கலாக வைத்ததில் அவர்கள் கருத்து அடங்கியிருக்கிறது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான்.

இதிலிருந்து வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடிய ஒரு சோதனை கிடைக்கிறது. பிள்ளை முன்பின் பார்த்திராத ஒரு சிறு கதையை அவனே படிக்கட்டும். படித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். அதே அளவு கடினமுள்ள இன்னொரு கதையை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அதையும் சொல்லச் சொல்லுங்கள். தானே படித்த கதையில் திணறி, கேட்ட கதையை அழகாகச் சொன்னால், அவனுக்கு எழுத்துதான் தடை. இரண்டையுமே சொல்ல முடியவில்லை என்றால் மொழியிலும் சொல்வளத்திலும் உலக அறிவிலும் உதவி தேவை. முதல் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியும் இரண்டாவது பிள்ளைக்குப் பேச்சும் கதையும் வேண்டும். இருவருக்கும் 'இன்னும் பத்து தடவை படி' என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதில்தான் நாம் பிழை செய்கிறோம்.

எழுத்துத் தடை

தமிழ் எழுத்துகள் 247 என்ற எண்ணிக்கை பயமுறுத்தும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, சுழிகளின் வேலை பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யும் ஓர் ஒழுங்கில் வந்துவிடும். இது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பெரிய வசதி. பெரியவர்கள் ஏமாந்துபோகவும் இதுவே காரணமாகிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை நாளிதழின் தலையங்கத்தைக்கூட எழுத்துக் கூட்டிக் கணீரென்று படித்துவிடும். வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். என்ன படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் முழுதும் போனால், வாக்கியம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். அதனால்தான் சரளம் முக்கியம். 2021இல் தொடங்கிய மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை புதிய பத்தி ஒன்றை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் என்ற வேகத்தில் புரிந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இதில் 'புரிந்து' என்ற சொல்லை விட்டுவிட்டு 60ஐ மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு அரசு 2022இல் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கத் தொடங்கியது. ஒரே வகுப்பில் இருந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வது நல்ல தொடக்கம்.

தமிழில் ஒரு சொல்லே அரை வரிக்கு நீளும். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்ற சொல்லைப் பார்த்துப் பிள்ளை மிரண்டால், பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள்: போய்க்கொண்டு, இருந்தவர்கள், இடமிருந்து. ஒவ்வொரு துண்டும் அவனுக்குத் தெரிந்ததுதான். கரும்பலகையில் நாளுக்கு இரண்டு நீளச் சொற்களைப் பிரித்துச் சேர்த்தாலே சில வாரங்களில் அந்தப் பயம் போய்விடும்.

ஆசிரியர் ஒரு வரி சொல்ல வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்வது முதல் வகுப்புக்கு உதவும். அதுவே நிலைத்துவிட்டால் பிள்ளைகள் பாடத்தை ஒப்பிக்கிறார்களே தவிர வாசிப்பதில்லை. உண்மையில் வாசிக்கிறார்களா என்று அறிய, பாடநூலில் இல்லாத பத்தியைக் கொடுங்கள்.

பேசும் தமிழும் புத்தகத் தமிழும்

வீட்டில் பிள்ளை கேட்பது 'வந்துட்டாங்கன்னு சொன்னாங்க'. புத்தகத்தில் இருப்பது 'வந்துவிட்டதாகக் கூறினார்கள்'. தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது தன் மொழியின் இன்னொரு வடிவத்தையும் சேர்த்துக் கற்கத் தொடங்குகிறது. கூறினார், வினவினாள், அடைந்தான், செவிமடுத்தான் போன்ற சொற்களை அது தெருவில் கேட்டதே இல்லை.

இதற்கு நல்ல வழி, பள்ளிக்கு வருவதற்கு முன்பிருந்தே கதைகளைப் புத்தகத்தில் உள்ள நடையிலேயே படித்துக் காட்டுவது. படித்த பிறகு அதைப் பற்றிப் பேச்சுத் தமிழில் தாராளமாகப் பேசலாம். பிள்ளை பேச்சுத் தமிழில் விடை சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். 'மழை வரப்போவுது, அதான் ஓடுறாங்க' என்பது முழுமையான விடை. புரிந்ததா என்று பார்க்கும் நேரத்தில் நடையைத் திருத்தத் தொடங்கினால், பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது. எழுதும்போது நடையைச் சொல்லிக்கொடுக்கலாம்.

வாக்கிய அமைப்பிலும் கவனம் வேண்டும். 'நாய் துரத்திய பூனை', 'நாயைத் துரத்திய பூனை' என்ற இரண்டையும் பலகையில் எழுதுங்கள். இருவரை எழுப்பி நடிக்கச் சொல்லுங்கள். முதலாவதில் பூனை முன்னால் ஓட வேண்டும், இரண்டாவதில் பின்னால் ஓட வேண்டும். ஒரு சிறிய 'ஐ' கதையையே திருப்பிப் போடுவதைப் பிள்ளைகள் ஓடிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவதும் வழக்கம். 'செல்வி பாட்டியைத் தூக்கி உட்காரவைத்தாள். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள்.' போதும் என்றது யார்? பாட்டி என்று நமக்கு உடனே தெரிகிறது. பல பிள்ளைகள் செல்வி என்பார்கள். 'இந்த வரியில் யார்?' என்று நின்று கேட்கும் பழக்கத்தை இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

எனவே, ஏனெனில், இருப்பினும், அதற்குள், மாறாக போன்ற இணைப்புச் சொற்கள் கருத்தின் திசையைக் காட்டுபவை. பிள்ளைகள் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 'மழை பெய்தது, எனவே...', 'மழை பெய்தது, இருப்பினும்...', 'மழை பெய்தது, அதற்குள்...' என்று சொல்லி நிறுத்துங்கள். மீதியைப் பிள்ளைகள் முடிக்கட்டும். ஐந்து நிமிட விளையாட்டுதான். அறிவியல் பாடம் புரிவதற்குக்கூட இது துணை செய்யும்.

சொல்லாமல் விட்டதைப் படிப்பது

இப்போது வேறொரு பத்தி.

'முருகன் கொடியில் கிடந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளினான். பாட்டி முற்றத்தில் காயவைத்திருந்த வற்றலை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆட்டுக்குட்டி திண்ணையில் ஏறிச் சுவரோரம் ஒண்டிக்கொண்டது. வாசலில் நின்ற அப்பாவின் சைக்கிளை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.'

மழை என்ற சொல் இதில் எங்குமே இல்லை. ஆனால் பத்தி முழுதும் மழையைப் பற்றியதுதான். எந்த எழுத்தாளரும் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை. பாதியை வாசகரிடம் விட்டுவிடுகிறார். அந்தப் பாதியை நிரப்புவதுதான் ஊகித்துப் படிப்பது. எழுத்தைத் தடையின்றிப் படித்தும் கதை புரியாத பிள்ளைகளை நீண்ட காலம் ஆராய்ந்த ஜேன் ஓக்ஹில், கேட் கெய்ன் ஆகிய இங்கிலாந்து ஆய்வாளர்கள், அத்தகைய பிள்ளைகள் தடுமாறும் முக்கிய இடங்களில் இது ஒன்று என்று கண்டார்கள்.

இதைக் கற்பிக்க மிகச் சிறந்த வழி, ஆசிரியர் தன் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படிப்பது. இப்படி:

"முருகன் அவசரமா துணியை அள்ளுறானாம். ஏன் அவசரம்? எங்கேயாவது ஊருக்குக் கிளம்புறாங்களோ? சரி, மேலே படிப்போம். பாட்டி வற்றலைத் தூக்கிட்டு உள்ளே ஓடுறாங்க. ஊருக்குப் போறவங்க எதுக்கு வற்றலைத் தூக்கிட்டு ஓடணும்? நான் நினைச்சது சரியில்லை போல. துணி, வற்றல் ரெண்டும் வெயிலில் காயுறது. ரெண்டையும் உள்ளே கொண்டு போறாங்கன்னா... ஆட்டுக்குட்டியும் ஒதுங்குது. மழைதான்!"

இதில் பிள்ளைகள் பார்ப்பவை நான்கு. பெரியவர்களும் படிக்கும்போது கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். முதலில் தவறாகவும் நினைக்கிறார்கள். அடுத்த வரி ஒத்துவராதபோது நினைப்பை மாற்றிக்கொள்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதையும் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முடிவுக்கு வருகிறார்கள். நன்றாகப் படிக்கிற ஒருவர் மனதுக்குள் செய்கிற இந்த வேலை வெளியே தெரியாது. அதைக் கேட்கும்படி செய்தால்தான் பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை இருக்கிறது என்றே தெரியவரும். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு பத்திக்குச் செய்தால் போதும். பிறகு பிள்ளைகளையே அப்படிப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

புரியவில்லை என்று தெரிவதும் ஒரு திறமை

1979இல் எலன் மார்க்மன் என்ற உளவியலாளர் மூன்றாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில சிறு கட்டுரைகளைப் படித்துக் காட்டினார். அவற்றில் ஒன்று மீன்களைப் பற்றியது. கடலின் அடியில் வெளிச்சமே இல்லை என்று அதில் வரும். அங்கே வாழும் சில மீன்கள் தம் உணவை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கின்றன என்றும் வரும். வெளிச்சமே இல்லாத இடத்தில் நிறம் எப்படித் தெரியும்? இந்த முரணைப் பெரும்பாலான பிள்ளைகள் கவனிக்கவே இல்லை. ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் புரிந்ததால், எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

'புரிந்ததா?' என்று வகுப்பில் கேட்டால் 'புரிந்தது' என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. புரியாதது அவர்களுக்கே தெரியவில்லை. அதனால் 'எந்த இடத்தில் புரியவில்லை?' என்று கேளுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். குறி போட்ட பிள்ளையைப் பாராட்டுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதையும் சொல்லிக்கொடுங்கள்: அந்த வரியை மெதுவாக மறுபடி படி, முந்தைய இரண்டு வரிகளைப் பார், அடுத்த வரியில் விளக்கம் இருக்கிறதா என்று பார், அப்போதும் வரவில்லை என்றால் கேள். வேண்டுமென்றே ஒரு முரணைப் புகுத்திய பத்தியைக் கொடுத்து 'இதில் எது ஒத்துவரவில்லை?' என்று தேடச் சொல்வதும் நல்ல பயிற்சி. பிள்ளைகள் அதை விரும்பிச் செய்வார்கள்.

சொல்லும் உலக அறிவும்

மழைப் பத்திக்குத் திரும்புவோம். சென்னையில் பத்தாவது மாடியில் வளரும் பிள்ளை முற்றத்தில் வற்றல் காய்வதைப் பார்த்திருக்காது. அதற்கு முறமும் தெரியாது, திண்ணையும் தெரியாது. அதே நேரத்தில், 'மின்சாரம் போய்விட்டது, லிஃப்டுக்கு முன்னால் நின்ற தாத்தா பெருமூச்சு விட்டார்' என்ற வரி கிராமத்துப் பிள்ளைக்குப் பிடிபடாமல் போகலாம். இருவரில் யாருக்கும் அறிவு குறைவில்லை. எதைப் பற்றிப் படிக்கிறோமோ அதைப் பற்றி முன்பே தெரிந்திருப்பது புரிதலைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

1988இல் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைக் கொடுத்து, படித்ததைப் பொம்மைகளை வைத்து நடத்திக்காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பாலை நன்கு அறிந்த மாணவர்கள், வாசிப்பில் சிறந்தும் பேஸ்பால் தெரியாத மாணவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் பின்தங்குகிறான் என்று சொல்லி அறிவியல், சமூக அறிவியல், விளையாட்டு, ஓவிய நேரங்களை எடுத்து மேலும் தமிழ் வாசிக்க வைப்பது அவன் வாசிப்பையே பலவீனமாக்கும். குளத்தைப் பார்த்தவன், தறியைத் தொட்டவன், தபால் நிலையத்துக்குள் போய்வந்தவன் அவற்றைப் பற்றி எழுதியதை எளிதில் புரிந்துகொள்வான். பாடத்தைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அந்தப் பொருளைப் பற்றிப் பேசுங்கள். முடிந்தால் பொருளையே கொண்டுவந்து காட்டுங்கள். முறம் கிராமத்துப் பள்ளியிலிருந்து பத்து வீடு தள்ளிக் கிடைக்கும். நகரத்தில் ஒரு படமாவது கிடைக்கும்.

அருஞ்சொற்பொருள் பட்டியலை எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதால் சொல் வராது. முறம் என்றால் சுளகு என்று எழுதினால், சுளகு என்று சொல்லும் தென்மாவட்டப் பிள்ளைக்குப் புரியும்; இரண்டையும் பார்க்காத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ஒண்டுதல் என்றால் என்ன என்று காட்ட, சுவரோரம் போய் ஒண்டி நின்று காட்டுங்கள். பிறகு கேளுங்கள்: 'நீ எப்போது ஒண்டி நின்றிருக்கிறாய்?' பிள்ளை அந்தச் சொல்லைத் தன் வாயால், தன் அனுபவத்தில் இரண்டு மூன்று முறை பயன்படுத்தினால்தான் அது பிள்ளைக்குச் சொந்தமாகும். ஒரு பாடத்துக்கு நான்கைந்து சொற்கள் போதும். அவற்றில் தயங்குதல், சேகரித்தல், வியப்பு போன்று எல்லாப் பாடங்களிலும் திரும்ப வரும் சொற்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

கேள்வியை மாற்றினால் படிப்பு மாறும்

மழைப் பத்தியிலேயே மூன்று வகைக் கேள்விகள் கேட்கலாம். முருகன் எதை அள்ளினான்? விடை வரியிலேயே இருக்கிறது. அன்று காலையில் வானிலை எப்படி இருந்திருக்கும்? துணியும் வற்றலும் காய்ந்ததை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால்தான் வெயில் என்ற விடை வரும். அப்பா வெளியே வந்து பார்த்ததும் என்ன சொல்லியிருப்பார்? இதற்குப் பத்தியும் வேண்டும், பிள்ளையின் சொந்த அனுபவமும் வேண்டும். டேஃபி ராஃபேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1980களில், கேள்விகளின் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று காட்டினார். விடையை எங்கே தேடுவது என்று தெரிந்தால், எல்லாக் கேள்விக்கும் ஒரு வரியைப் பார்த்து எழுதும் பழக்கம் குறைகிறது.

மூன்றாம் வகைக் கேள்விக்கு என்ன சொன்னாலும் சரி என்று விட்டுவிடக் கூடாது. 'எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். சான்று பத்தியிலிருந்து வர வேண்டும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாகவோ அதற்கு மேலோ நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். பணச் செலவே இல்லாத கல்விச் சீர்திருத்தம் இது.

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு இன்னொரு முறை உண்டு. 1984இல் ஆன்மேரி பாலின்சரும் ஆன் பிரவுனும், புரிதலில் பின்தங்கிய ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைச் செய்து நல்ல பலன் கண்டார்கள். பின்னர் சிறிய வகுப்புகளுக்கும் பரவியது. நால்வர் குழுவாக உட்கார்ந்து ஒரு பத்தியைப் படிக்கிறார்கள். ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கிறார். ஒருவர் கேள்வி கேட்கிறார். ஒருவர் புரியாத சொல்லையும் வரியையும் தெளிவாக்குகிறார். ஒருவர் பத்தியைச் சுருக்கிச் சொல்கிறார். அடுத்த பத்திக்கு வேலைகள் மாறும். தொடக்கத்தில் ஆசிரியர் ஒவ்வொன்றையும் தானே செய்துகாட்ட வேண்டும். ஒரு மாதம் பொறுத்தால் குழுக்கள் தாமாக நடக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகள் பேச வழி இருக்கிறது என்பது சிறிய நன்மை அல்ல.

சுருக்கிச் சொல்வது பிள்ளைகளுக்குக் கடினம்; எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்ப்பார்கள். கதைக்கு நான்கு கேள்விகள் கைகொடுக்கும்: யார், என்ன வேண்டும் என்று நினைத்தார், எது தடுத்தது, கடைசியில் என்ன ஆனது? தகவல் பாடமானால், 'இதை முதல் வகுப்புத் தம்பிக்கு ஒரே வாக்கியத்தில் சொல்' என்று கேட்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இதில் பெரிய உதவி செய்ய முடியும். பிள்ளை படித்த கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். 'அப்புறம் என்ன ஆச்சு?', 'ஏன் அப்படிப் பண்ணான்?', 'நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?' என்று மூன்று கேள்விகள் போதும். தாத்தா பாட்டி சொல்லும் கதைகளும் வாசிப்புக்கு அடித்தளம்தான். கதையின் வளர்ச்சியைக் காதால் பின்தொடரப் பழகிய பிள்ளை அதைப் புத்தகத்திலும் பின்தொடரும்.

படிக்கத் தெரிந்தவர்கள் தினமும் பத்து நிமிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிள்ளை தானே படிக்கத் தொடங்கிய பிறகும் இதை நிறுத்த வேண்டாம். அது தானாகப் படிக்கக்கூடியதைவிடச் சற்றுக் கடினமான புத்தகத்தை இந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலப் பாடத்தைப் பற்றி வீட்டில் தமிழில் பேசுவதால் ஆங்கிலம் கெடாது. ஊகிப்பது, காரணம் சொல்வது, சுருக்குவது ஆகிய திறமைகள் ஒரு மொழியில் வந்தால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் அவற்றை வளர்ப்பதே எளிது.

புத்தகம் இல்லையே என்ற குறை இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சிறு கதைப் புத்தகங்கள் வந்தன. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு ஊஞ்சல் இதழ் வருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் பல ஆண்டுகளாக அறிவியலை எளிய தமிழில் சொல்லிவருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். இவை பீரோவில் பூட்டி வைக்கப்படாமல் பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டும். கிழிந்துவிடும் என்று பயந்து பூட்டிய புத்தகத்தைவிடப் பல கைகள் பட்டுக் கிழிந்த புத்தகமே தன் வேலையைச் செய்த புத்தகம்.

பயிற்சி கொடுத்தும் முன்னேற்றமே இல்லாவிட்டால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். மூன்றாம் வகுப்பிலும் எழுத்துகள் குழம்பி, எளிய சொற்களைக்கூடப் படிக்க முடியாமல் திணறினால் டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதை உரிய வல்லுநர்தான் சொல்ல வேண்டும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் இதற்காகவே இருக்கின்றன. அப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது கொடுமை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இவை அனைத்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். நாளைக்கு ஒரு பாடத்தில், விடைகளுக்கு அடைப்புக்குறி போடச் சொல்வதை மட்டும் நிறுத்துங்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, 'நீ படித்ததை எனக்குச் சொல்' என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறும், நிறுத்தும், மறுபடி தொடங்கும். நடுவில் புகாமல், முழுதாகக் கேளுங்கள். அடுத்து அந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் உங்களுக்குச் சொல்லிவிடும்.